ரொட்டி பிடுங்கி

என் அக்காவுக்கு எங்கள் பாலைவன அகதி முகாமில் வைத்த பட்டப்பெயர் இது. வைத்தவள் யார் என்று எனக்குத் தெரியும். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துக் கூடாரம், சுவைலிமின் மனைவி சுகைனா. அதன்பிறகு அந்தக் கூடாரத்தில் நான் இன்றுவரை தேநீர் குடித்ததில்லை. சுவைலிம் என்னோடு ஒரே லாரியை மாறி மாறி ஓட்டியவன். டயர் வெடித்துக் கல்வெளியில் கிடந்தபோது ஒரே போர்வைக்குள் படுத்தவன். அவன் கூப்பிடும்போதெல்லாம் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன். இத்தனை வருஷமாக வயிறு சரியில்லாத மனிதன் இந்த முகாமிலேயே நான் ஒருவன்தான். ஏன் என்று அவனுக்கும் தெரியும். கேட்டதில்லை.

அக்கா இறந்துபோன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. சென்ற மாதம் காஸ் சிலிண்டர் வாங்கப் போன இடத்தில், தெக்பெரின் தம்பி என்று நான் சொன்னதும், புதிதாக வந்தவன் ஒருவன், "எந்த தெக்பெர்? ரொட்டி பிடுங்கி தெக்பெரா?" என்றான். அவன் அவளைப் பார்த்தது கூட இல்லை. சிலிண்டரை அவன் காலில் போட்டிருப்பேன். போடவில்லை. அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

தெக்பெர் எனக்கு ஆறு வயது மூத்தவள். போர் வந்து கடலோரத்து ஊரை விட்டு நாங்கள் ஓடி வந்தபோது லாரியின் பின்பக்கம் என்னைத் தன் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தவள். விமானச் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் காதைப் பொத்தினாளாம். தன் காதைப் பொத்த அவளுக்கு வேறு கை இல்லை. அதனால்தான் வாழ்நாள் முழுக்க அவள் உரக்கப் பேசினாள் என்று நான் கிண்டல் செய்வேன். "உனக்காகச் செவிடானேன், உனக்குக் கேட்கிற மாதிரியாவது கத்தறேனே" என்பாள்.

எங்கள் பகுதிக்கு வரும் மாவைப் பங்கு போடும் பொறுப்பு அவளுடையது. லாரி வந்து மூட்டைகளைத் திறந்த வெளியில் உருட்டிவிட்டுப் போகும். பெண்கள் வட்டமாக உட்காருவார்கள். அவள் நடுவில் நின்று மூட்டையைக் கிழித்து, ஒரு தகர டப்பாவால் அளந்து போடுவாள். காற்றடித்தால் தலையோடு சுற்றிய நீளத் துணியான தன் மெல்ஃபாவை இரண்டு கையாலும் விரித்துக் காற்றுக்கு முதுகு காட்டி நிற்பாள். அந்தத் துணிச் சுவருக்குப் பின்னால்தான் பங்கு நடக்கும். முடியும்போது புருவம், இமை, மூக்கு நுனி எல்லாம் வெள்ளையாக இருக்கும்.

"எனக்குக் குறையுதே, தெக்பெர்!" என்று யாராவது சொன்னால், "வா, என் கண்ணிமையில இருக்கிறதைத் தட்டிக்கோ" என்று முகத்தை நீட்டுவாள். கூட்டம் சிரிக்கும். சுகைனாவும் சிரிப்பாள். அப்போது இருவரும் நல்ல சிநேகிதிகள்.

அக்காவின் புருஷன் மீன்பிடித் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே தங்கிவிட்டான். ஆள் மூலம் விவாகரத்துச் சொல்லி அனுப்பினான். எங்கள் வழக்கப்படி அவள் விருந்து வைத்தாள். மையிட்டு, மருதாணி வைத்து, பெண்கள் மேளம் தட்ட நடுவில் உட்கார்ந்திருந்தாள். "ஒரு மூட்டை இறங்கிச்சு. இனிமே வண்டி லேசா ஓடும்" என்றாள். அப்போது அவள் வயிற்றில் பிள்ளை இருந்தது. முப்பத்தெட்டு வயதில், இனி இல்லை என்று எல்லோரும் கைவிட்ட பிறகு தங்கிய பிள்ளை.

அதுதான் மின்னெத்து.

பால் குடிக்கும் வரை குழந்தை உருண்டையாக இருந்தாள். ரொட்டி தின்னத் தொடங்கிய பிறகு வயிறு மட்டும் உருண்டையானது. கைகால்கள் குச்சியாயின. எங்களிடம் பிள்ளைக்கு அன்பு காட்ட வேறென்ன இருந்தது? அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியைக் கிள்ளி எண்ணெயில் தோய்த்து வாயில் வைப்போம். மெலிந்த பிள்ளை என்றால் இன்னும் இரண்டு துண்டு. கடந்து போகிற ஒவ்வொருத்தியும் அவள் கையில் ஒரு துண்டைத் திணித்துவிட்டுத்தான் போவாள். நானும் திணித்தவன்தான்.

நாலு வயதில் வேறொன்று தொடங்கியது. தேநீர்க் குவளையை எடுத்தால் கை ஆடும். சமதரையில் நடக்கும்போது காற்று தள்ளினாற்போல் ஒரு பக்கம் சாய்வாள். சில நேரம் பேசிக்கொண்டே இருக்கையில் நின்றுவிடுவாள். கண் ஓரிடத்தில் குத்தி நிற்கும். கூப்பிட்டால் கேட்காது. கொஞ்ச நேரம் கழித்து, விட்ட இடத்திலிருந்து பேசுவாள். ஒரு நாள் ஆட்டுப் பட்டியில் விழுந்து உடம்பெல்லாம் வெட்டி இழுத்தது. வாயில் நுரை. நான்தான் தூக்கினேன். இறகு மாதிரி இருந்தாள்.

ஜின் என்றார்கள். வேதம் எழுதிய பலகையைக் கழுவி அந்த மைத் தண்ணீரைக் கொடுத்தார்கள். ஒருவர் இரும்புக் கம்பியைக் காய்ச்சி நெற்றியோரத்தில் வைத்தார். அந்தத் தழும்பு இன்னும் அவளுக்கு இருக்கிறது. பிள்ளை கதறியபோது அக்கா அவள் காதைத்தான் பொத்தினாள். எதற்கென்று அவளுக்கே தெரிந்திருக்காது.

பிறகு கலியா வந்தாள். எங்கள் முகாமிலிருந்து பன்னிரண்டு வயதில் கியூபாவுக்குப் படிக்கப் போய் டாக்டராகத் திரும்பியவள். எங்கள் பேச்சிலேயே பாதியை மறந்துவிட்டிருந்தாள். கோபம் வந்தால் ஸ்பானிய மொழியில் பொரிந்து தள்ளுவாள். அவள் மின்னெத்துவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், நடக்கவிட்டுப் பார்த்தாள், ரத்தம் எடுத்து வெளியே அனுப்பினாள். முடிவு வர மாதக்கணக்கானது. வந்த அன்று என்னையும் கூட உட்காரச் சொன்னாள்.

"வீட்ல என்னென்ன சாப்பிடறா?" என்றாள் கலியா.

"என்ன கேள்வி இது? லாரியில வர்றதைத்தான். மாவு, அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை. எப்பவாவது மக்ரோனி. பெருநாளுக்குக் குஸ்குஸ்."

கலியா விரலை மடக்கினாள். "மாவு கூடாது. மக்ரோனி கூடாது. குஸ்குஸ் கூடாது. கோதுமையில குளூட்டன்னு ஒரு பசை இருக்கு அக்கா. இவ வயித்துக்கு அது எதிரி. குடலை அரிச்சுக்கிட்டிருக்கு."

"எல்லாரும் அதைத்தானே திங்கறோம்? இதோ இவனைப் பாரு, ஹமூதியை. ஒரு ஆட்டுக்குட்டி அளவுக்கு ரொட்டி திம்பான். லாரியே இவன் ஏறினா சாயுது."

"எல்லாருக்கும் வராது. ஆனா நம்ம ஜனங்கள்ல நிறையப் பிள்ளைங்களுக்கு இருக்கு."

அக்கா சிரிப்பதை நிறுத்தினாள். "அப்ப இந்தக் கை ஆடறது? விழறது? கண்ணு நிக்கறது? அதுவும் மாவா?"

கலியா ரத்த முடிவுத் தாளை மடித்தாள். "வயித்துக்கு நான் அடிச்சுச் சொல்றேன். மூளைக்கும் நரம்புக்கும் சொல்ல முடியல. சில பிள்ளைங்களுக்கு அதுவும் இதாலதான் வருதுன்னு சில டாக்டருங்க சொல்றாங்க. இன்னும் நிச்சயமில்லன்னு சொல்றவங்களும் இருக்காங்க. நிறுத்திப் பாப்போம். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

"அவ்வளவு போதும்" என்றாள் அக்கா. வெளியே வந்ததும் தன் மெல்ஃபாவை உதறினாள். மாவு பறந்தது. மகளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மறுபடி உதறினாள். "ஊருக்கெல்லாம் நான்தான்டா இதை அளந்து போடறேன்" என்றாள் என்னிடம்.

அன்றிலிருந்து அந்தக் கூடாரத்தில் ரொட்டி சுடவில்லை. அரிசி, பருப்பு, ஆட்டுப்பால். வெளிநாட்டிலிருந்து இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று தனி மாவு வரும். வருகிற மாதமும் உண்டு, வராத மாதமும் உண்டு. அக்கா தன் பங்கு மாவைப் பக்கத்துக் கூடாரங்களுக்குக் கொடுத்துவிட்டாள். பங்கு போட்டு முடித்தால் வாசலிலேயே உடுப்பை மாற்றிக்கொண்டுதான் உள்ளே போவாள்.

அந்தச் சமயத்தில்தான் சுகைனா வீட்டில் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் விருந்து. ஆடு அறுத்திருந்தார்கள். பெரிய தாம்பாளத்தில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு அதன்மேல் கறியும் சாறும். நான் ஆண்கள் பக்கம் இருந்தேன், திரை தூக்கியிருந்ததால் எல்லாம் தெரிந்தது. சுகைனா மின்னெத்துவை இழுத்துத் தன் மடியில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"என்னடி இது, எலும்பு குத்துது! அம்மாக்காரி உனக்குச் சோறே போடறதில்லையா?"

"அவளுக்கு ரொட்டி கூடாது சுகைனா. டாக்டர் சொல்லியிருக்கா" என்றாள் அக்கா.

"டாக்டர்! கியூபாவுல கரும்பு தின்னவளுக்கு நம்ம பிள்ளையப் பத்தி என்ன தெரியும்? ஒரு வாய். என் பிள்ளைக்குப் பேர் வைக்கிற நாள். ஒரு வாய் திங்காம அனுப்பினா எனக்கு ஆகாது." சொல்லிக்கொண்டே சாறு சொட்டும் துண்டை வாயில் வைத்துவிட்டாள்.

அக்கா எழுந்தாள். தாம்பாளத்தைத் தாண்டிப் போனாள். மகளின் தாடையைப் பிடித்து, வாய்க்குள் இரண்டு விரலை விட்டு, அந்தத் துண்டை வெளியே இழுத்து எடுத்தாள்.

அடுத்தவர் கூடாரத்தில், விருந்துத் தாம்பாளத்தின் முன்னால், பிள்ளை வாயிலிருந்து ரொட்டியை எடுப்பது என்றால் எங்களுக்கு அது விருந்து வைத்தவள் முகத்தில் துப்புவதுபோல. மின்னெத்து அழவில்லை. அவள் வாய் மட்டும் மென்றுகொண்டே இருந்தது, உள்ளே ஏதோ மீதி இருப்பதுபோல.

"நமக்கு அள்ளிப் போடறா. பெத்ததுகிட்ட பிடுங்கறா" என்றாள் சுகைனா. மறுநாள் தண்ணீர் வரிசையில் அது பட்டப்பெயராகிவிட்டது.

அதன்பிறகு மின்னெத்து எங்கே போனாலும் கையில் ஒரு தட்டோடுதான் போவாள். எல்லோரும் ஒரே தாம்பாளத்தில் கைவிட்டுச் சாப்பிடுவார்கள், அவள் ஓரமாகத் தன் தட்டோடு. எங்கள் ஜனங்களில் தனித் தட்டில் சாப்பிடுகிறவன் யார்? வெள்ளைக்கார விருந்தாளி. இல்லை, தொற்று வியாதிக்காரன். பிள்ளைகள் அவளை 'வெளிநாட்டுக்காரி' என்று கூப்பிட்டார்கள். சில மாதங்களில் வயிறு இறங்கியது. சதை பிடித்தது. விழுவது குறைந்தது. கண் குத்தி நிற்பது எப்போதாவது ஒரு தடவை என்றானது. தேநீர்க் குவளையைச் சிந்தாமல் எடுத்துக் கொடுத்தாள் ஒரு நாள். கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் தேநீரைப் புகழ்வதுபோல் எதையோ சொன்னேன். அக்கா திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த வருஷம் மழை பெய்தது. நல்ல மழை. அப்போது நான் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டு, எங்களைத் துரத்திய படை எங்கள் நாட்டின் குறுக்கே எழுப்பிய மணற்சுவருக்கு இந்தப் பக்கத்து மேய்ச்சல் நிலங்களுக்குப் போய் வருவேன். பள்ளங்களில் நின்ற தண்ணீர் வற்றியதும், மேய்ப்பர்கள் அந்த ஈரத்தில் பார்லி தூவியிருந்தார்கள்.

"விதைச்சிருக்காங்களாமே, நிஜமாவா?" என்றாள் அக்கா.

"முழங்கால் உயரம் நிக்குது."

"பச்சையா?"

"பின்ன, சிவப்பாவா இருக்கும்?"

"போடா. அறுத்ததும் எனக்கு ஒரு மூட்டை கொண்டா. எந்த விலையா இருந்தாலும் சரி."

கொண்டுவந்தேன். அவள் மூட்டைக்குள் இரண்டு கையையும் முழங்கை வரை விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு பெரிய இரும்புச் சட்டியில் வறுத்தாள். அந்த வாசனைக்கு அக்கம்பக்கம் எல்லாம் வந்துவிட்டது. வறுத்துத் திரித்து, தண்ணீரும் சர்க்கரையும் ஆட்டு வெண்ணெயும் விட்டுப் பிசைந்தால் அதுதான் எங்கள் ஆட்கள் ஒட்டகத்தின் பின்னால் அலைந்த காலத்தில் அவர்களைத் தாங்கிய சாப்பாடு. சின்ன வயதில் சாப்பிட்டது. முகாமுக்கு வந்தபின் மறந்தது.

"இது கப்பல்ல வந்ததில்ல. சாக்குல எந்த நாட்டுக் கொடியும் இல்ல" என்றாள் அக்கா. "நம்ம மண்ணு, நம்ம மழை. இது நம்ம பிள்ளைய என்ன பண்ணும்?"

இதில் சந்தேகப்பட யாருக்கும் தோன்றவில்லை. வெளியிலிருந்து வரும் மாவில்தான் ஏதோ இருக்கிறது, கிடங்கில் பழசாகிக் கெட்டுப்போய் வருகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம். கலியா கேட்டபோது நாங்கள் சொன்ன சாப்பாட்டில் பார்லியே இல்லை. அன்றைக்கு முகாமில் யார் கூடாரத்திலும் பார்லி இல்லை. இல்லாததை அவளும் கூடாது என்று சொல்லவில்லை.

அக்கா பெரிய கிண்ணத்தை நடுவில் வைத்தாள். ஊரைக் கூப்பிட்டாள். சுகைனாவையும் கூப்பிட்டாள், அவளும் வந்தாள். எல்லோரும் அந்த ஒரே கிண்ணத்தில் கை வைத்தார்கள். அக்கா மின்னெத்துவின் தட்டை எடுத்துத் தூர வைத்துவிட்டு, "வாடி, உட்காரு" என்றாள். மின்னெத்து எல்லோரையும் பார்த்துவிட்டு மெதுவாகக் கையை உள்ளே விட்டாள். பத்துப் பன்னிரண்டு கைகளுக்கு நடுவில் அவள் கை. அன்றைக்கு அக்காவின் முகத்தைப் பார்த்தவர்கள் அவளைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்க முடியாது.

அந்த மூட்டை தீர்ந்ததும் இன்னொன்று கேட்டாள். அடுத்த அறுப்புக்கும் கொண்டுவந்தேன். அரிசியைக்கூட நிறுத்திவிட்டுப் பிள்ளைக்குக் காலையும் மாலையும் அதையே கொடுத்தாள்.

மின்னெத்து மறுபடி விழ ஆரம்பித்தாள்.

முதலில் மெதுவாக. பிறகு கூடாரக் கயிற்றைப் பிடிக்காமல் நிற்க முடியவில்லை. பேச்சு குழறியது. வலிப்பு வந்தது, முன்னைவிட மோசமாக. அக்காவுக்கு ஒரே ஒரு விளக்கம்தான் தெரிந்தது: பிள்ளை எங்கோ ரொட்டி திருடித் தின்கிறாள்.

ஒரு நாள் மதியம் நான் போனபோது மகளை மடக்கி வைத்திருந்தாள். சட்டைப் பைகளை வெளியே இழுத்து உதறிக்கொண்டிருந்தாள், துணுக்கு இருக்கிறதா என்று.

"எங்கடி தின்ன? சுகைனா வீட்லயா? ஸ்கூல்லயா?"

"திங்கலம்மா."

"பொய் சொல்லாதே. வாயத் திற. ஊது."

பிள்ளை ஊதினாள். அக்கா முகர்ந்து பார்த்தாள். "சொல்லிடு. அடிக்க மாட்டேன்."

"பார்லி மட்டும்தாம்மா திங்கறேன். சத்தியமா பார்லி மட்டும்தான்."

அக்கா அறைந்தாள். நடக்கத் தடுமாறும் பிள்ளை, அறை வாங்கினால் நிற்குமா? விழுந்தாள். விழுந்த இடத்திலிருந்தே, "பார்லி மட்டும்தான்" என்றாள் மறுபடி.

கலியா அப்போது எங்களிடம் இல்லை. பிரசவத்துக்காகத் தூரத்து முகாமிலிருந்த அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். கைக்குழந்தையோடு திரும்பியவள், ஒரு சாயங்காலம் எங்கள் பகுதி வழியாகப் போகும்போது அக்காவைப் பார்க்க நுழைந்தாள். அக்கா அடுப்பில் தேநீர் வைத்துவிட்டு, கிண்ணத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"சாப்பிடு. பால் சுரக்கும். கியூபாவுல இது கிடைச்சிருக்காது."

கலியா ஆசையாக உருட்டி எடுத்தாள். பாதி வழியில் கை நின்றது. "அக்கா, இது பார்லியா?"

"நம்ம பார்லி. ஹமூதி மேய்ச்சக் காட்டுலருந்து கொண்டாந்தது."

"மின்னெத்து இதைச் சாப்பிடறாளா?"

"இதை மட்டும்தான் சாப்பிடறா. வேற எதையும் நான்..." அக்கா நிறுத்திவிட்டாள். கலியாவின் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

கலியா உருண்டையைக் கிண்ணத்திலேயே வைத்தாள். "இதுலயும் அது இருக்கு அக்கா. கோதுமையில இருக்கிற அதே பசை."

"இது நம்ம மண்ணுல விளைஞ்சது."

"ஆமா."

"லாரியில வந்த மாவு இல்ல இது."

"இல்ல அக்கா. ஆனா அதே பசை."

தேநீர் பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரும் எடுக்கவில்லை. மின்னெத்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். அவளுக்கு அப்போது எட்டு வயது, எல்லாம் புரிகிற வயது. "நான் ரொட்டி திங்கலன்னு சொன்னேனேம்மா" என்றாள். குற்றம் சொல்லவில்லை. தான் சொன்னது சரிதான் என்று தெரிந்த சந்தோஷத்தில் சொன்னாள்.

அக்கா கிண்ணத்தை எடுத்துப்போய் ஆடுகளுக்குக் கொட்டினாள். மூட்டையில் மீதியிருந்ததையும் கொட்டினாள். இரும்புச் சட்டியை மணல் போட்டுத் தேய்த்தாள், விரல் தோல் உரியும் வரை. உள்ளே வந்து கலியாவிடம் கேட்டாள்:

"இப்ப இருக்கிற தள்ளாட்டம் இந்த பார்லியாலயா?"

"இருக்கலாம்."

"இருக்கலாம்னா?"

"இல்லாமலும் இருக்கலாம். சில பிள்ளைங்களுக்கு இது தனியா வர்ற வியாதி. எது எதாலன்னு பிரிச்சுக் காட்ட இங்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல அக்கா. வெளிநாட்டுல பாத்தாலும் நிச்சயமா சொல்லுவாங்களான்னு தெரியல."

"நான் பண்ணினதா, இல்லையா? அதைச் சொல்லு."

கலியா அழுதுவிட்டாள். டாக்டர் அழுததை நான் அன்றுதான் பார்த்தேன்.

பார்லி நின்றது. வயிறு தேறியது, வலிப்பு நின்றது. பேச்சு தெளிந்தது. நடை மட்டும் திரும்பி வரவில்லை. இன்றும் மின்னெத்து கோல் ஊன்றித்தான் நடக்கிறாள், காற்றடிக்கும் நாளில் சுவரோரமாகத்தான் போகிறாள்.

அக்கா மாவு பங்கு போடும் பொறுப்பைத் தானாகவே விட்டாள். உடுப்பில் ஒட்டி வரும் தூசுகூட வேண்டாம் என்றாள். டப்பாவை வேறொருத்தி கையில் கொடுத்த அன்று பெண்கள் யாரும் அவளைத் தடுக்கவில்லை. அந்த வேலையில்தான் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அதன்பிறகு உரக்கப் பேசுவதும் குறைந்தது. எனக்குத்தான் காது கேட்காமல் போயிற்றோ என்று நினைத்தேன்.

வருஷத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ வெளிநாட்டு டாக்டர்கள் முகாமுக்கு வருவார்கள். யார் வந்தாலும் அக்கா வரிசையில் நிற்பாள். கண் டாக்டராக இருந்தாலும் சரி, பல் டாக்டராக இருந்தாலும் சரி. மகளை முன்னால் நிறுத்தி, மொழிபெயர்க்க யாரையாவது பிடித்து, அதே கேள்வியைக் கேட்பாள். ஒரு வயதான டாக்டர், பார்லியால் இருக்காது, பிறவியிலேயே இருந்திருக்கும் என்றார். ஓர் இளம் டாக்டர், இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், ஆனால் சொல்ல முடியாது என்றார். பல் டாக்டர் பல்லைப் பார்த்தார்.

"விடு அக்கா. போதும்" என்றேன் ஒரு தடவை.

"ஆமான்னு ஒருத்தர் சொல்லியிருந்தா அழுது முடிச்சிருப்பேன்டா. இல்லன்னு ஒருத்தர் சொல்லியிருந்தா தூங்கியிருப்பேன். இருக்கலாம்னு சொல்றாங்களே. அதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

லாரி என்றால் பிரித்துப் பார்த்துச் சொல்லியிருப்பேன்.

மின்னெத்து வளர்ந்தாள். சின்னக் கடை ஒன்று வைத்து, சூரியத் தகடு போட்டு, போன்களுக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுக்கிறாள். கை ஆடுவதால் சில்லறையை எண்ணித் தரமாட்டாள். டப்பாவைக் காட்டி, "நீயே போட்டு நீயே எடுத்துக்கோ. ஏமாத்தினா என் கோல் நேரா அடிக்காது, ஆனா பலமா அடிக்கும்" என்பாள். வாய் அப்படியே அக்காவின் வாய். தட்டு மட்டும் இன்னும் தனித் தட்டுதான். கல்யாண வீடு, பெருநாள், எங்கே போனாலும் ஓரமாக. பழகிவிட்டது என்பாள். அக்காவுக்குப் பழகவில்லை. எந்த விருந்திலும் மகள் உட்கார்ந்திருக்கும் ஓரத்துக்கு முதுகைக் காட்டித்தான் அவள் உட்காருவாள், பார்த்தால் தொண்டையில் இறங்காதென்று.

சிறுநீரகம் கெட்டு அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கலியாதான் பார்த்துக்கொண்டாள். கலியாவிடம் அவள் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. கலியாவும் அதற்காகக் காத்திருந்ததுபோல் ஒவ்வொரு தடவையும் கட்டிலோரம் கொஞ்சம் கூடுதலாக நிற்பாள். கடைசி வாரம், மின்னெத்து கடையைத் திறக்கப் போயிருந்த ஒரு காலை நேரம், அக்கா என்னைக் கிட்டே வரச் சொன்னாள். குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது. காதை அவள் வாயோரம் வைக்க வேண்டியிருந்தது.

"நான் போனா ஜனங்க வருவாங்க இல்ல?"

"வராம? நீ அளந்து போட்ட மாவத் தின்ன கூட்டம் மொத்தமும் வரும். பேசாம படு."

"வர்றப்ப ரொட்டியோட வருவாங்க. துக்க வீட்ல அடுப்பு எரியக் கூடாதுன்னு ஒவ்வொரு கூடாரமும் சுட்டு அடுக்கிக்கிட்டு வரும். தாம்பாளத்துல பிய்ச்சுப் போடுவாங்க. அம்மாவப் புதைச்சிட்டு வந்து அவ ஓரத்துல தட்டோட உட்காருவா."

நான் அவள் போர்வையை இழுத்துவிட்டேன்.

"கேளுடா. மூணு நாளும் என் கூடாரத்துக்குள்ள ஒரு ரொட்டி வரக் கூடாது. நீ அரிசி போடு. ஒட்டகக் கறி வாங்கு. என் ஆடுகளை வித்துக்கோ. ஒரே தாம்பாளம். எல்லாரும் கையக் கழுவிட்டு உட்காரணும், அவளும் உட்காரணும். அவ கை எல்லார் கையோடயும் அதுக்குள்ள போகணும்."

"துக்கம் கேக்க ரொட்டியோட வாசல்ல நிக்கிறவங்ககிட்ட நான் என்ன சொல்றது அக்கா?"

"ஒண்ணும் சொல்லாதே. பிடுங்கு." அவள் உதடு லேசாக விரிந்தது. "சுகைனாவோடத முதல்ல பிடுங்கு. பிடுங்கிட்டு, அவ கையப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போய், மின்னெத்து பக்கத்துல உட்கார வை."